சௌடையா காய்ச்சிய பச்சை

கருவேல மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்க நல்லகண்ணுவின் உடம்பு தோதானதல்ல. இருந்தாலும் நின்றார். அருப்புக்கோட்டையில் சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிற மனிதர், விடிந்தும் விடியாததுமாகத் தன்னிடம் வேலை பார்க்கும் சாயக்காரன் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கொல்லையில் சௌடையா குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் மெலிசான ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் மயில்துத்தத் தண்ணீர் போல நீலமாக ஏதோ இருந்தது. பக்கத்துக் கிண்ணத்திலிருந்து சில சொட்டுகளை எடுத்து அதில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினான். நீலம் கலங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிட்டது.

நல்லகண்ணு கழுத்தை நீட்டி இன்னொரு தரம் பார்த்தார். மீசை முளைத்த நாளிலிருந்து சாயத்தொட்டிப் பக்கமே கிடந்தவர் அவர். முதல் மழைக்கு முளைத்த கம்பம்பயிரின் பச்சை அது, சாயப்பொடியில் வராத பச்சை.

அவருடைய பிழைப்பே அப்போது ஒரு பச்சையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷத் தீபாவளிக்கென்று போட்டிக்கார வேங்கடபதியின் பட்டறை புதிதாக ஒரு பச்சை நூலை இறக்க, மதுரை வியாபாரிகள் மொத்தப் பேரும் அங்கே போய் மொய்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் நல்லகண்ணு பட்டறையைப் பூட்டிவிட வேண்டியதுதான். வேங்கடபதிக்கு அந்தப் பச்சையைக் காய்ச்சிக் கொடுக்கிற கை யாருடையது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு, இதோ, கை கண்ணெதிரே தெரிந்தது.

ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு அருமையான நிறம் வந்தும் சௌடையாவின் முகம் சுண்டிப்போனது. மனைவி வெங்கடலட்சுமியிடம் குழாயைக் காட்டித் தங்கள் வீட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னான். நல்லகண்ணுவுக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைவிட உசந்த பச்சை வேண்டுமாக்கும், பேராசை பிடித்த ஜென்மங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் சைக்கிளை எடுத்தார்.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். யோசிக்க யோசிக்க எல்லாமே பொருந்தி வந்தது. அடிக்கடி லீவு கேட்டுக்கொண்டு, துண்டில் ஒரு பாட்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு சௌடையா மதுரை பஸ்ஸில் ஏறினான். மாசமாக இருக்கிற வெங்கடலட்சுமி, சாப்பிட்ட கை ஈரம் காயுமுன்னே தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். காவல்தான், வேறென்ன?

பிள்ளைத்தாச்சியாயிற்றே என்று அவர் சம்சாரம் பிச்சையம்மாள் வெல்லப் பணியாரம் சுட்டு எடுத்துப் போனாள். வெங்கடலட்சுமி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, பிச்சையம்மாள் தெருமுனை திரும்புவதற்குள் அத்தனையையும் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டாளாம். புது முதலாளி கிடைத்துவிட்டால் பழைய முதலாளி வீட்டுப் பணியாரம் கசக்கத்தான் செய்யும் என்று நல்லகண்ணு பல்லைக் கடித்தார்.

வேலையை விட்டு நிறுத்திவிடலாம்தான். நிறுத்தினால் பச்சையும் கூடவே போய்விடுமே என்ற பயம். ஆகவே தினமும் கருவேல மரத்தடிக்கு வந்து நின்றார். ஒரு நாள் பச்சை, ஒரு நாள் மஞ்சள், மறுபடி பச்சை. ஒரே நீலத்திலிருந்து இத்தனை நிறம் எடுக்கிறவனைக் கூலிக்கு வைத்திருந்தோமே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குக் காலையில் நீலம் மாறவே இல்லை. சௌடையா திரும்பத் திரும்பச் சூடு காட்டினான், குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். தோற்றான் பயல் என்று நல்லகண்ணு நினைத்த நேரத்தில், அவன் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு சிரித்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. முள் வேட்டியைக் கிழித்ததைக்கூடக் கவனிக்காமல் கொல்லைக்குள் போய் நின்றார்.

"தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சௌடையா. அந்தப் பச்சைய வேங்கடபதிக்குத்தான காச்சுற?"

சௌடையா சட்டென்று குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மனைவியை உள்ளே போகும்படி கண்ணைக் காட்டினான். அவள் நகரவில்லை.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் நல்லகண்ணு வந்தார். ஆனால் பட்டறை நினைப்பு வந்ததும் குரல் உடைந்துபோனது. வியாபாரிகள் ஒருத்தர்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்று சாயக்காரனிடமே அழாக்குறையாகச் சொன்னார்.

"பட்டறையில பாதி ஒனக்கு எழுதித் தாரேன். அந்தப் பச்சைய மட்டும் எனக்குக் குடுத்துரு."

சௌடையாவுக்குக் கண் கலங்கியது. "அந்தப் பச்சை யாருக்கும் வரக் கூடாது மொதலாளி. எங்களுக்கு நீலமாவே நின்னாப் போதும்."

நல்லகண்ணு ஒன்றும் புரியாமல் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வெங்கடலட்சுமிதான் தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"அது சாயமில்ல மொதலாளி. என் மூத்திரத்துல சக்கரை எறங்குனா அப்படிப் பச்சையாகும். அந்தச் சக்கரைக்குத்தான் ரெண்டு புள்ளைய வயித்துலயே பறிகுடுத்தேன்."