நீல டிரவுசரின் இடுப்புப் பட்டி

"நீல டிரவுசருக்கு மட்டும் இடுப்புப் பட்டியை ரெண்டு விரல் ஏத்தித் தைச்சிடுங்கக்கா. சிவப்பு எப்பவும் போல இருக்கட்டும்."

தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவியபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒருமுறை உடைந்து ஒட்டிய மூக்கு. கதவை அடைக்கும் தோள்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டைப் போட்டி. மோதப்போகும் இருவருக்கும் பயிற்சிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய துணியோடு வந்திருந்தான். இருவரும் ஒரே எடை, ஒரே இடுப்பு. தன்னை அளந்தாலே போதும் என்றான்.

"ஏன் தம்பி, நீலத்துக்கு மட்டும்?"

"சும்மாதான்."

சும்மா யாராவது ரெண்டு விரல் கேட்பார்களா? இருபது வருஷமாக ஊரார் இடுப்பை அளக்கிறவளுக்கு அது தெரியாதா? தொப்பையை மறைக்க ஏற்றச் சொல்வார்கள். இவனுக்கோ வயிறு பலகை மாதிரி இருந்தது. காரணம் தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"இந்த விளையாட்டுல எங்க வேணும்னாலும் குத்தலாமா?" என்று மெல்லத் தூண்டில் போட்டாள்.

"ஐயோ, இல்லக்கா! பின்னந்தலையில குத்தக் கூடாது. விழுந்தவனைத் தொடவே கூடாது. மணி அடிச்சா, ஓங்கின கையா இருந்தாலும் இறக்கிடணும்."

"அப்படி ஒரு மணி எங்க வீட்டுக்கும் வேணும். எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்புறம், பட்டிக்குக் கீழ குத்தவே கூடாது. குத்தினா புள்ளி போயிடும்."

நாடா அப்படியே நின்றது. பட்டி மேலே ஏறினால் அடி விழும் இடம் குறையுமே!

"ஓஹோ, கதை அப்படிப் போகுதா? நீ நீலத்தைப் போட்டுக்கிட்டு பட்டியைத் தொப்புளுக்கு மேல ஏத்திப்ப. சிவப்புக்காரன் எங்க குத்துறதுன்னு தெரியாம முழிக்கணும். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே? இந்தக் கள்ளத்தனத்துக்கெல்லாம் என் மிஷின் ஓடாது. துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

மடித்த துணிகளை அவன் பக்கம் வெடுக்கென்று தள்ளினாள்.

அவன் எடுக்கவில்லை. காய்த்துப்போன விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டே நின்றான்.

"நான்தான்க்கா சிவப்பு," என்றான். "நீலம் போடுறவனுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி ஏழு மாசம் ஆகுது. டாக்டர் ஆடலாம்னுட்டாரு, அவனும் பயப்படல. எனக்குத்தான் பயம். மேடை ஏறிட்டா என் கை என் பேச்சைக் கேக்காதுக்கா. சட்டம் சொன்னா மட்டும்தான் கேக்கும்."