வைத்துக்கொள்ளும் வண்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மாமியாரின் பைபிள் மேல் இரண்டு கைகளையும் வைத்துச் சொல்லத் தயார். அவர் உயிரோடிருந்தவரை அதைத் தொட என்னை விட்டதில்லை.

பக்கத்து வீட்டு வெர்லினிடம் இரண்டு கார்கள். இரண்டும் மிருகங்கள்.

ஒன்று மஞ்சள், எழுபதாம் வருட மாடல். கல்யாணமான வாரம் வாங்கியது. மற்றது கறுப்பு, அவன் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. எழுநூறு குதிரைத் திறன். அதை ஸ்டார்ட் செய்தால் மூன்று பண்ணை தள்ளி மாடு கறக்காது.

கராஜில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். அவன் மனைவி ஆர்லீனுக்கு நோய் முதுகெலும்பில் இறங்கி, கால்கள் இரண்டும் போய்விட்டன. சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற வேன் ஒன்று மார்ச்சில் வருகிறது. அதற்கு இடம் வேண்டும்.

ஆக, ஒரு மிருகம் போயாக வேண்டும்.

குளிர்காலம் முழுக்க வெர்லின் இதையே அரைத்துக்கொண்டிருந்தான். முடிவெட்டுகிறவரைக் கேட்டான். பாதிரியாரைக் கேட்டான். பாதிரியார் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கறுப்பை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்.

"மஞ்சளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் நாலு கெட்ட வார்த்தையும் போதும், ஆர்வில். சாகிற வரைக்கும் ஓடும்" என்பான் என்னிடம்.

"அப்ப மஞ்சளையே வெச்சுக்க."

"ஆனா கறுப்பு பறக்குதேடா."

"அப்ப கறுப்பு."

"அதுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் செத்தா? பத்து வருஷம் கழிச்சு எவன் பார்ட்ஸ் குடுப்பான்? இருபது வருஷம் வெச்சுக்கிற வண்டி இது. அவசரப்படக் கூடாது."

ஆர்லீன் சமையலறையிலிருந்து சிரிப்பாள். "உனக்கே எழுபத்தஞ்சு. இருபது வருஷம் யாரோட வெச்சுக்கப் போற, கிழவா?"

அவளுக்கு டாக்டர் வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் வரை பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"என்னைத் தூக்கிட்டுப் போங்கடா ரெண்டு பேரும். ரெண்டுலயும் உக்காந்து பாத்து நானே சொல்றேன்."

போர்வையோடு கராஜுக்குத் தூக்கினோம். வழியில் என் முதுகு படீரென்று சொடுக்கியது.

"ஆர்வில், அது நீயா, கதவா?" என்றாள்.

முதலில் கறுப்பு. நான் பின்சீட்டில் மடங்கிக்கொண்டேன். வெர்லின் மிதித்தான்.

இங்கே குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். அது தகரத்தைத் தின்றுவிடும். ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை நல்ல வண்டியை எவனும் வெளியே எடுக்க மாட்டான். எங்கள் மேல் உப்பு ஒட்டவில்லை. அது எழும்பி வருவதற்குள் நாங்கள் தாண்டிப் போயிருந்தோம்.

ஷெரிஃபின் ஆள் ஒருவன் துரத்தினான். அவனுடைய தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது. ஹூரான் ஏரிக்கரையில் நிறுத்தி, தெர்மாஸைத் திறந்து மூன்று பேருக்கும் காப்பி ஊற்றினேன். எஞ்சின் சத்தம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

ஆர்லீனுக்கும் வெர்லினுக்கும் நடுவே கியர்ப் பெட்டி முழங்கை உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது மஞ்சள்.

அதில் முன்னால் சோபா மாதிரி ஒரே நீளமான சீட்டு. வெர்லின் அவளைக் கதவோரமாக உட்காரவைத்தான். அவள் உள்ளங்கைகளை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அவன் தோளுக்கு வந்து சேர்ந்தாள். ஏரிக்குப் போய்வந்ததைவிட அதற்கு அதிக நேரம் ஆனது. நாங்கள் இருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடித்திருப்பாள்.

மஞ்சளுக்கு வேகம் குறைவு. கனடா எல்லை வரைதான் போனோம். அங்கே அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். ஆர்லீன் தூங்குகிறாள் என்று வெர்லின் சைகை காட்டினான். அவர் சத்தம் வராமல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் தூங்கவில்லை.

"மஞ்சளைக் குடுத்துடு, வெர்லின்."

"இதுதானே உனக்குப் பிடிச்சது?"

"அதான் சொல்றேன். இந்த சீட்டுல நான் உக்காந்த இடம் ரொம்பப் பெருசு. நாளைக்கு நீ தனியா ஓட்டுறப்ப ரோட்டைப் பாக்க மாட்ட. இங்கயே பாத்துட்டிருப்ப, எதாவது மரத்துல கொண்டு போய் விடுவ. கறுப்புல இந்த இடமே இல்ல. அதை வெச்சுக்க."

வெர்லின் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். எங்கள் மூச்சு முன்கண்ணாடியில் படிந்து உறைந்து, வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அவன் துடைக்கவில்லை. அவள் இப்போது நிஜமாகவே தூங்கிவிட்டாள்; தலை அவன் தோளில் இருந்தது, அசைந்தால் எழுந்துவிடுவாள். எதிரே எதுவுமே தெரியாமல் பொழுது சாயும்வரை அப்படியே ஓட்டினான்.

ஒரு மரத்திலும் இடிக்கவில்லை.

இரண்டு வண்டிகளின் பேட்டரிகளையும் நவம்பரிலேயே கழற்றி, குளிரில் கெட்டுவிடாமல் என் வீட்டு நிலவறையில் நான்தான் வைத்திருந்தேன். அந்த மத்தியானமும் அவை அங்கேதான் இருந்தன.