யாரோ தொடங்குகிறார்கள்

ஆளில்லாத சர்வர் அறையில் ஜெசிந்தாவின் முதல் வேலை, பின்னணியில் வீணாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய புரோகிராமை நிறுத்துவது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து நிறுத்துவாள். டீ ஆறுவதற்குள், எங்கோ இருந்துகொண்டு யாரோ அதை மறுபடியும் ஓடவிடுவார்கள். தினமும் இப்படித்தான். கடவுச்சொல்லை மாற்றினால் அந்த ஆள் உள்ளே வர முடியாது. அவள் மாற்றவில்லை.

இன்றும் நிறுத்தினாள். டீயில் ஆடை படிந்தது. புரோகிராம் நின்றது நின்றபடியே இருந்தது.

மேலாளர் போனில் கேட்டார். "என்னம்மா, அந்தத் தொல்லை ஒழிஞ்சுதா?"

"ஒழிஞ்சிருச்சு சார்."

"அப்பாடா. இனிமே நிம்மதி."

போனை வைத்துவிட்டு அவளே அதைத் தொடங்கினாள். பிறகு, யாராவது நிறுத்துவார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.