வடிவேலுவின் ஆட்சேபணை

"அந்த இடம் வேண்டாங்க" என்றார் வடிவேலு, மூன்றாவது முறையாக.

கல்லூரி நூலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு வெள்ளிக் கோப்பை. பெண்கள் கூடைப்பந்தில் தீவிலேயே முதலிடம். நாடு பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கோப்பையைப் பார்க்க சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள்கூட வந்து போனார்கள்.

இரவல் திடல்களில் ஆடி ஜெயித்த அணிக்கு இனிச் சொந்தமாக ஓர் அரங்கம். மேலே கூரை, கீழே பலகைத் தரை.

எங்கே கட்டுவது? திங்கட்கிழமைக்குள் நில அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். விட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

பயிற்சியாளர் அற்புதராஜ் முதலில் சொன்னது, கட்டடக் குழுவில் இருந்த அண்ணாதுரையின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த காலி நிலம்.

"சார், அங்க வெங்காய லாரி நிக்கணுமே" என்றார் அண்ணாதுரை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது கால்வாயோரப் புல்வெளி. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அங்கே துணி விரிக்க உரிமம் வைத்திருந்தவர், கல்லூரிக்குத் துணி துவைக்கும் வடிவேலு ஒருவர்தான். ஆட்சேபணை இல்லையென்று அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் போடவில்லை.

"ஏன் வேண்டாங்கறீங்க?" என்றார் அற்புதராஜ்.

"அது ஈரமான இடங்க."

அண்ணாதுரை சிரித்தார். "தினமும் காலையில பார்க்கிறேன். புல்லே தெரியாம வெள்ளை வேட்டியா விரிச்சு வச்சிருக்க. ஈரத்துலயா துணி காயுது? யாருகிட்டப்பா கதை விடற?"

அணித் தலைவி பிரிஜட்டுக்கும் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்க ஜெர்சியெல்லாம் நீங்கதான் துவைக்கிறீங்க. கப்போட வந்தப்ப கேட்ல நின்னு கைதட்டினீங்க. இப்ப நீங்களே இப்படிச் சொல்லலாமா லா?"

வடிவேலு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஆடறதுக்கு நீளம் அகலம் எவ்வளவும்மா வேணும்?"

"கோர்ட் மட்டும் எண்பத்தஞ்சுக்கு நாப்பத்தாறு அடி. சுத்தி ஜனங்க உட்காரவும் இடம் வேணும்."

"அளவு கேட்டு என்ன செய்யப் போற? போர்வை தைக்கவா?" என்றார் அண்ணாதுரை. மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

வடிவேலு எழுந்தார். "நாளைக்குக் காலையில கால்வாய்ப் பக்கம் வாங்க. பேப்பரையும் எடுத்துட்டு வாங்க."

அவர் வெளியே போனதும் அண்ணாதுரை சொன்னார்: "நாலு வேட்டி காயறதுக்காக ஒரு காலேஜையே நிறுத்தி வைக்கிறான்."

அற்புதராஜ் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் அற்புதராஜும் அண்ணாதுரையும், கையில் பந்தோடு பிரிஜட்டும் போனபோது, புல்மேல் வேட்டிகள் விரிந்திருந்தன. வடிவேலு பூவாளியால் அவற்றின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"காயப்போட்ட துணிமேல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்றார் அண்ணாதுரை.

"இது காயப்போட்டது இல்லைங்க. வெளுக்கப் போட்டது. சோப்புப் போட்ட துணி வெயில்ல கிடக்கணும், ஆனா காயக்கூடாது. அப்பத்தான் வெள்ளை எடுக்கும். இந்தப் புல்லு எந்த வெயிலுக்கும் காயாது. அதனாலதான் பன்னிரண்டு வருஷமா இங்க விரிக்கிறேன்."

குதிகாலை ஊன்றி எடுத்தார். அந்தப் பள்ளத்தில் மெல்லத் தண்ணீர் ஊறியது.

"இதுமேல பலகைத் தரை போட்டா ஒரு மழைக்காலம் தாங்காது."

அற்புதராஜ் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குத் திங்கட்கிழமை. வேற எங்க போறது?"

"வாங்க."

பின்பக்கச் சந்து ஒன்றைத் தாண்டி, வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. செம்மண் தரை, கல்லைப்போல இறுகியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு கம்பங்கள் நட்டு, சுற்றிலும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.

"எண்பத்தஞ்சுக்கு நாப்பத்தாறு. கயித்துக்கு வெளியில நாலு பக்கமும் முப்பது அடி இருக்கு. மழை விட்ட அரை மணி நேரத்துல காஞ்சிடும். பந்தைத் தட்டிப் பாரும்மா."

பிரிஜட் தட்டினாள். பந்து கைக்கே எழும்பி வந்தது. தட்டிக்கொண்டே ஓடினாள். கயிற்றின் மறுகோடிவரை ஓடி, பந்தைத் தலைக்குமேல் வீசிப் பிடித்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார் அற்புதராஜ்.

"இடம் பத்துமான்னு அளக்காம எப்படிங்க சொல்றது? நம்ம பிள்ளைங்க ஆடற இடம்."

"சரி, இது யாரோட இடம்? அவர்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமே."

வடிவேலு பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

அண்ணாதுரை அப்போதுதான் கயிற்றைக் கவனித்தார். அங்கங்கே துணி செருகும் மரக் கிளிப்புகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மேடு முழுக்கப் புதிதாக மண் போட்டு மூடிய குழிகள். பிடுங்கிய கம்பங்கள் ஓரமாக அடுக்கியிருந்தன.

"நீ துணி காயப்போடற இடமா இது?"

"ஆமாங்க. வெளுக்கறதுக்கு எங்கயும் புல் கிடைக்கும். காயற இடம்தான் கிடைக்காது."

"அப்ப இனிமே எங்கப்பா காயப்போடுவ?"

"சாங்கியில மச்சான் வீட்டுக்குப் பக்கத்துல இடம் இருக்கு. மூட்டையைப் பஸ்ஸுல போட்டுக்கலாம்."

"சாங்கியா? அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்துல எங்கயும் காலி இடம் இல்லையா?"

வடிவேலு கையெழுத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்குங்க. ஆனா அங்க வெங்காய லாரி நிக்கணுமே."