ஆறவிடும் நேரம்

பேரையூர்ப் பக்கம் வீரணனின் கிணற்றில் இருப்பது ஐந்து எச்.பி. மோட்டார்தான். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் அது ஏழரை எச்.பி. வேலை பார்த்தது. பத்து நிமிடம் ஓட்டுவான், இருபது நிமிடம் ஆறவிடுவான். ஆறும்போது யாரும் போட்டுவிடக் கூடாதென்று மின்சாரம் போகாதபடி மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். மோட்டாரின் காயில் கம்பி கருகினால் வாடிக்கிடக்கும் பருத்தியும் போய்விடும்.

வரப்பில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தான். மனைவி பேச்சி வாய்க்காலைப் பார்த்தாள்.

"ஏங்க, மோட்டார நிப்பாட்டலையா? தண்ணி வருதே."

"நிப்பாட்டிட்டுத்தான வாரேன்."

கிணற்றுப் பக்கம் மோட்டார் இரைந்தது. அரை மணியாக ஓடும் மோட்டாரின் திணறல் அதில் கேட்டது.

"கட்டை மூணும் எங்கிட்டல்ல இருக்கு" என்று பையைத் தட்டிக் காட்டினான்.

தட்டிய கை சுட்டது.