கோழி வைத்த காற்றாலை

கிட்ட வந்து உட்காருங்க. ஒரு கோழி, குஞ்சுகள் குளிரில் விறைக்காமல் இருக்கக் கூண்டில் பல்பு போட்டிருந்தது. அதற்குக் கரண்ட் கொடுத்தது காஸில் ஓடும் ஓர் இன்ஜின். அது உறுமுகிற உறுமலில் குஞ்சுகளுக்குத் தூக்கமே இல்லை. கோழி கூரைமேல் ஒரு காற்றாலையை வைத்தது.

“காத்து நின்னா என் கால்லதான் வந்து விழுவே!” என்றது இன்ஜின்.

“பாக்கலாம்ண்ணே.”

சாயங்காலம் காற்று நின்றது. காற்றாலையும் நின்றது. பல்பு மட்டும் எரிந்தது.

“எப்படிடி?”

“பகலெல்லாம் அடிச்ச காத்துல வந்த கரண்ட்டை பேட்டரியில சேத்து வச்சிருக்கேன். மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க தூங்குது.”

இன்ஜின் சூடு ஆறிக் கிடந்தது. கோழி அதன்மேல் ஏறி, வைக்கோலைப் பரப்பி, அடுத்த முட்டையை இட்டது.