தூங்கும் குழந்தைக்கு ஒரு கீபோர்டு

கண்ணாடி மேசையில் பழைய வயர்லெஸ் கீபோர்டு மல்லாந்து கிடக்கிறது. கடைக்காரர் பேட்டரியை மாற்றிவிட்டார், ரிசீவரை வேறு துளையில் செருகியும் பார்த்துவிட்டார். டபிள்யூ மட்டும் மசியவில்லை. "கேம்ல முன்னால ஓடுற பட்டனே போயிடுச்சுங்க. சாயங்காலம் அரையிறுதி. நின்ன இடத்துலயே அடி வாங்கவா?" என்கிறாள் அவள். கைக்குழந்தையைத் தோளில் தூங்கவைத்தபடி நிற்கும் கணவனுக்கு அந்தத் தோரணையே பெருமையாக இருக்கிறது. "எதை வேணா எடு, பாப்பா முழிக்கக்கூடாது," என்று கிசுகிசுக்கிறான்.

சத்தமே வராத கேமிங் கீபோர்டு ஒன்றைக் கடைக்காரர் வைக்கிறார். பஞ்சில் தட்டுவதுபோல் அவள் தட்டுகிறாள். குழந்தை நெளிகிறது, முகம் சுளிக்கிறது. "பக்கத்துல இருக்கறது காதைப் பிளக்கும்மா," என்று அவர் தடுப்பதற்குள் அவள் அடுத்ததில் கைவைத்துவிடுகிறாள். தகரக்கூரையில் மழை இறங்கியதுபோல் கடை சடசடக்கிறது. பட்டன்களுக்கடியில் ஓடும் நீலமும் சிவப்பும் அவள் நகங்களில் ஏறி இறங்குகின்றன. பார்க்காமலே பாய்ந்து திரும்பும் விரல்களிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் கழுத்தில் சூடாக மூச்சுவிட்டு, கை தொங்க, குழந்தை அசந்து தூங்குகிறது. "பழசும் இப்படித்தானே லொடலொடக்கும். வயித்துல இருந்தப்பவே கேட்டுப் பழகினவ," என்கிறான்.

"அப்போ இதுதான்," என்று அவள் கையை எடுக்கிறாள். கடை அமைதியாகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. சட்டென்று விரல்கள் பட்டன்களுக்குத் திரும்புகின்றன. அழுகை பாதியில் நிற்கிறது. அட்டைப்பெட்டியோடு வந்த கடைக்காரர், கீபோர்டைக் கேட்கத் துணிவில்லாமல், பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறார்.